நயவுரை எழுத உட்காரும் புதியவருக்கு: எந்தக் காலத்தில் எழுதுவது, எந்தச் சொல்லை எடுப்பது

திருகோணமலையில் ஒரு நூல் வெளியீடு என்றால் நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் மனப்பாடம். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை. இவற்றில் நூலின் நயங்களை எடுத்துச் சொல்லும் நயவுரைதான் புதியவர்களின் தலையில் வந்து விழுவது. "தம்பி, நீங்கள் தமிழ் படிச்சனீங்கள்தானே, ஒரு பத்து நிமிசம் கதையளப் பற்றிச் சொல்லுங்கோ" என்று நூலாசிரியரே வீடு தேடி வந்து புத்தகத்தைத் தந்துவிட்டுப் போவார். மறுக்க முடியாது. உயர்தரத்தில் தமிழை எடுத்த மாணவருக்கும், வளாகத்தில் முதல் ஒப்படை எழுதுகிறவருக்கும் ஏறக்குறைய இதே நிலைமைதான். புத்தகம் கையில் இருக்கிறது, சொல்லவும் ஏதோ இருக்கிறது, முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றுவிடுகிறது. கதாநாயகன் ஊரைவிட்டுப் "போனான்" என்று எழுதுவதா, "போகிறான்" என்பதா? ஆசிரியர் "சொன்னார்" என்பதா, "சொல்கிறார்" என்பதா, "சொல்லியுள்ளார்" என்பதா?

பலர் மூன்றையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்கு எங்கேயோ இடறும். எங்கே என்று சொல்லத் தெரியாது. அந்த இடறலை எப்படி எடுப்பது என்று பார்ப்போம்.

முதல் வேலை: உள்ளே எது, வெளியே எது

எழுதத் தொடங்க முன் ஒரு தாளின் நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் "நூலுக்கு உள்ளே", மறுபக்கம் "நூலுக்கு வெளியே". நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு செய்தியையும் இந்த இரண்டில் ஒன்றில் போடுங்கள்.

நம்ம ஊர்க்காரரையே எடுப்போம். தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையில் பிறந்தார். 'மோகனாங்கி' என்ற நாவலை எழுதினார். அது 1895இல் வெளிவந்தது. இதெல்லாம் வெளியே. நடந்து முடிந்தது, இறந்தகாலம்தான் பொருந்தும். நாவல் நாயக்கர் காலத்துத் தமிழகத்தில் நடக்கிறது. பாத்திரங்கள் பேசுகிறார்கள், மறைக்கிறார்கள், காதலிக்கிறார்கள். இதெல்லாம் உள்ளே. புத்தகத்தை இன்றைக்குத் திறந்தாலும் அவர்கள் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள், ஆகவே நிகழ்காலம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தமிழின் முதல் வரலாற்று நாவல் இதுதான் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். நாவலைப் பற்றி இப்போதும் சொல்லப்படுகிற கருத்து என்பதால் அதற்கும் நிகழ்காலம். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒருவர் ஒரு கட்டுரையில் எழுதியது என்றால் "எழுதினார்" போதும்.

நாயக்கர் காலம் என்பது எப்போதோ முடிந்துபோனதுதானே, அதற்கு நிகழ்காலமா என்று கேட்பீர்கள். நாயக்கர் ஆட்சி முடிந்தது, நாவல் முடியவில்லை. "நாயக்கர்கள் தமிழகத்தை ஆண்டார்கள்" என்பது வரலாறு. "நாவலில் நாயக்க அரசன் யோசிக்கிறான்" என்பது நூல். ஒரே அரசன் என்றாலும் இரண்டு வாக்கியத்துக்கும் வினை வேறு.

இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இன்னொன்றைப் பாருங்கள்: "விபுலாநந்த அடிகள் 1947இல் 'யாழ்நூ'லை அரங்கேற்றினார். அதே ஆண்டு காலமானார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வரும் இசைச் செய்திகளைக் கொண்டு பழந்தமிழ் யாழை நூலில் ஆராய்கிறார்." காலமானவர் எப்படி ஆராய்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முதல் இரண்டு வாக்கியமும் மனிதரைப் பற்றியவை, மூன்றாவது நூலைப் பற்றியது. "நூலில்" என்ற ஒரு சொல் நடுவில் நின்று வாசகரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. "கதையில்", "இப்பாடலில்", "மூன்றாம் அத்தியாயத்தில்" என்று இப்படி ஒரு சொல்லை வைத்துவிட்டால் காலம் மாறுவது உறுத்தாது.

இலக்கணம் என்ன சொல்கிறது

இலக்கியத்தை நிகழ்காலத்தில் எழுதுவது ஆங்கிலக் கட்டுரையிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. நன்னூலைப் புரட்டினால் அந்தக் கவலை தீரும். "முக்காலத்தினும் ஒத்தியல் பொருளைச் செப்புவர் நிகழும் காலத்தானே" என்கிறது ஒரு சூத்திரம். மூன்று காலத்திலும் ஒரேபோல இருக்கிற பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும். மலை நிற்கிறது என்பது போல. தொல்காப்பியமும் இதையே சொல்ல, உரைகாரர்கள் "மலை நிற்கும், ஞாயிறு இயங்கும், தீச் சுடும்" என்று எப்போதும் நடப்பதைச் சொல்கிற "உம்" போட்டுக் காட்டுகிறார்கள். எழுதி முடித்த நூலும் அப்படித்தான். நேற்றும் அதே சொற்கள், நாளைக்கும் அதே சொற்கள்.

சரி, அப்படியென்றால் கதையை இறந்தகாலத்தில் சொல்வது பிழையா? இல்லை. "ஒரு ஊரில ஒரு ராசா இருந்தார்" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது இயல்பாகவே இருக்கும். கதைச்சுருக்கத்தை மட்டும் ஒரு பந்தியில் இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பந்தியிலிருந்து நிகழ்காலத்துக்கு வருகிற நல்ல கட்டுரைகள் தமிழில் நிறைய உண்டு. ஆனால் புதியவருக்கு நான் சொல்வது: கதைச்சுருக்கத்தையும் நிகழ்காலத்திலேயே எழுதுங்கள். கதையையும் உங்கள் கருத்தையும் மாறிமாறிச் சொல்ல வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் காலம் மாற்றிக்கொண்டிருந்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் விட்டுவிடுவீர்கள்.

ஒரு பந்தியைத் திருத்திப் பார்ப்போம்

இந்தக் கட்டுரைக்காகவே ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். தலைப்பு 'கடைசிப் பாதை'. கிண்ணியாப் பக்கம் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். பையனின் பெயர் ராசன். பாதையில் வேலைசெய்கிறவர் மீராசா காக்கா. இதைப் பற்றிப் புதியவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

"இக்கதையில் ராசன் தினமும் பாதையில் ஏறி நகருக்குப் போனான். மீராசா காக்கா அவனிடம் காசு வாங்க மாட்டான். ஒருநாள் ராசனின் தந்தை கடைசிப் பாதையில் வரவில்லை. ராசன் இறங்குதுறையில் விடியும்வரை காத்திருக்கிறான். ஆசிரியர் இதனை மிக அருமையாகச் சித்திரித்துள்ளார். இதன்மூலம் அன்றைய மக்களின் துயரம் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. பின்னர் பாலம் திறக்கப்படுகிறது. ராசன் பாலத்தில் நடந்து சென்று மிகவும் கவலைப்பட்டான்."

பென்சிலை எடுத்து வினைமுற்றுகளை மட்டும் வட்டமிடுங்கள். "ஏறி", "நடந்து", "சென்று" போன்ற எச்சங்களைத் தொடவேண்டாம். காலத்தைத் தீர்மானிப்பது வாக்கியத்தின் கடைசியில் நிற்கிற முற்று, எச்சங்கள் அதன் காலத்தையே எடுத்துக்கொள்ளும். பத்து எச்சம் அடுக்கியிருந்தாலும் திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல்தான். தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

வட்டத்துக்குள் விழுந்தவை: போனான், வாங்க மாட்டான், வரவில்லை, காத்திருக்கிறான், சித்திரித்துள்ளார், எடுத்துக்காட்டப்பட்டுள்ளது, திறக்கப்படுகிறது, கவலைப்பட்டான். எட்டு முற்று, ஒன்றோடொன்று சேராமல்.

"போனான்" தினமும் நடப்பது. "போகிறான்" என்று மாற்றலாம். "பாதையில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போகிறவன்" என்றால் இன்னும் நல்லது, வழக்கம் என்பது தெரிந்துவிடும். "காசு வாங்க மாட்டான்" என்பதில் காலத்தைவிட மரியாதைதான் உறுத்துகிறது. கதை அவரைக் காக்கா என்று அழைக்கிறது, "வந்தார்" என்று எழுதுகிறது. நீங்கள் ஏன் ஒருமையில் இறக்க வேண்டும்? "காசு வாங்குவதில்லை" என்று எழுதினால் அந்தச் சிக்கலும் போய்விடும்.

"வரவில்லை" என்பதை அப்படியே விடுங்கள். தமிழ் எதிர்மறையில் "இல்லை" என்பது நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். நிகழ்காலப் பந்திக்குள் "வரவில்லை", "சொல்லவில்லை", "தெரியவில்லை" தாராளமாக வரலாம்.

"சித்திரித்துள்ளார்" என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். "உள்ளார்", "உள்ளது" என்று முடிவது பத்திரிகைச் செய்தியின் நடை. "அமைச்சர் தெரிவித்துள்ளார்" என்பதைக் காலையும் மாலையும் வானொலியில் கேட்டுக் கேட்டு நம் கையிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு வேலை முடிந்து அதன் பலன் நிற்கிறது என்று சொல்ல அது சரியான சொல்தான்: "ஆசிரியர் இதுவரை மூன்று தொகுப்புகளை வெளியிட்டுள்ளார்." கதைக்குள் ஆசிரியர் செய்வதற்கு அது வேண்டாம். "காட்டுகிறார்", "சொல்கிறார்" போதும்.

"எடுத்துக்காட்டப்பட்டுள்ளது" இன்னும் மோசம். யார் எடுத்துக்காட்டியது? எங்கே? எந்த வரியில்? படு என்று முடிகிற வினையைக் கண்டால் இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதில் இருந்தால் அதை எழுவாயாக்கி வாக்கியத்தை மாற்றுங்கள். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தில் விசயமே இல்லை, வெட்டிவிடலாம்.

அடுத்தது பாலம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. இது ஊருக்கே தெரிந்த வரலாறு, நூலுக்கு வெளியே உள்ளது, ஆகவே இறந்தகாலம். பாலத்தில் ராசன் நடப்பது உள்ளே. கடைசியாக "கவலைப்பட்டான்". கதையில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள். ராசன் நடுப்பாலத்தில் நின்று பழைய இறங்குதுறையைப் பார்க்கிறான் என்பதோடு ஆசிரியர் நிறுத்தியிருந்தால், கவலைப்பட்டது வாசித்த நீங்கள்.

திருத்திய பந்தி இப்படி வரும்:

"ராசன் பாதையில் ஏறித்தான் தினமும் நகரத்துப் பள்ளிக்கூடம் போகிறவன். மீராசா காக்கா அவனிடம் காசு வாங்குவதில்லை. ஒருநாள் தந்தை கடைசிப் பாதையில் வரவில்லை. ராசன் இறங்குதுறையில் விடியும்வரை காத்திருக்கிறான். அந்த நீண்ட இரவை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. கதையின் கடைசிப் பகுதி அதற்குப் பிறகு நடக்கிறது. வளர்ந்துவிட்ட ராசன் பாலத்தில் நடந்து வருகிறான். நடுவில் நின்று பழைய இறங்குதுறையைப் பார்க்கிறான். அவன் அழுதானா என்று ஆசிரியர் சொல்லவில்லை."

"அருமையாக" போய்விட்டது. அதற்குப் பதில் "ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்" வந்திருக்கிறது. கேட்கிறவருக்கு இப்போது புத்தகத்தைத் திறந்து அந்த வாக்கியத்தைத் தேடத் தோன்றும்.

கதைக்குள் பழைய கதை

நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டு போகும்போது, அதற்கு முந்தி நடந்த ஒன்றைச் சொல்ல நேரும். அதற்கு இறந்தகாலம். "கண்ணகி அரசவையில் சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது. ஆனால் கோவலன் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டான்." நீங்கள் நிற்கிற காட்சிக்கு முந்தியது எல்லாம் பின்னால் போகும், அவ்வளவுதான்.

மேற்கோளுக்குள் கை வைக்கக் கூடாது. வழக்குரை காதையில் பாண்டியன் "யானோ அரசன் யானே கள்வன்" என்கிறான். அடுத்து "என்முதல் பிழைத்தது கெடுக என் ஆயுள்" என்று சொல்ல, இளங்கோவடிகள் "வீழ்ந்தனனே" என்று முடிக்கிறார். மூலத்தில் இறந்தகாலம் இருக்கிறதே, நான் "வீழ்கிறான்" என்று எழுதலாமா என்று கேட்டால், எழுதலாம். மேற்கோள் குறிக்குள் இளங்கோவின் காலம், வெளியே உங்கள் காலம். கவனிக்க வேண்டியது வேறொன்று. "பிழைத்தது" என்று நடந்ததைச் சொன்ன அதே வாயால் அரசன் "கெடுக" என்று காலமே காட்டாத வியங்கோளுக்குத் தாவுகிறான். தீர்ப்பும் தண்டனையும் ஒரே வரிக்குள் வந்துவிடுகின்றன. நூலில் இருக்கிற காலத்தைக் கவனித்து அதைப் பற்றியே ஒரு பந்தி எழுத முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோணேசர் மலையிலேயே இரண்டு உதாரணம்

சம்பந்தர் திருக்கோணமலைக்குப் பாடிய பதிகத்தை இங்கே கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கும் தெரியும். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே." இதில் "கொழிக்கும்" என்பதை எதிர்காலம் என்று எடுத்து "கடல் முத்துகளைக் கொழிக்கப்போகிறது" என்று பொருள் எழுதினால் சிரிப்புத்தான் வரும். எப்போதும் நடப்பதைச் சொல்கிற "உம்" அது. உங்கள் கட்டுரையில் "கவிஞர் சொல்லும் செய்தி" என்று எழுதும்போதும் அதே "உம்"தான், பயமில்லாமல் எழுதலாம்.

"அமர்ந்தாரே" வடிவத்தில் இறந்தகாலம். ஆனால் ஒருநாள் வந்து உட்கார்ந்துவிட்டு எழும்பிப் போனார் என்பதல்ல பொருள். அமர்ந்தவர் அமர்ந்தபடியே இருக்கிறார். ஆகவே "சிவபெருமான் கோணமலையில் அமர்ந்தார் என்று சம்பந்தர் பாடினார்" என்று எழுதுவதைவிட, "அமர்ந்திருப்பதாகச் சம்பந்தர் பாடுகிறார்" என்று எழுதினால் பாடல் சொல்வதற்குக் கிட்ட வரும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். இராமேச்சரத்தில் நின்றபடியே இந்தப் பதிகத்தைப் பாடினார் என்பது மரபு. இவை வெளியே, ஆகவே இறந்தகாலம்.

மலைக்கு ஏறும் வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசலில் சிதைந்த எழுத்துகளோடு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதில் உள்ள பாடல் என்று "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் வெண்பாவை ஊரில் சொல்வார்கள். பாடபேதங்கள் உண்டு. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது 1620களில், அது நடந்து முடிந்த வரலாறு. பாடலோ அதை இனி நடக்கப்போவதாக, ஓர் அரசனை விளித்து முன்கூட்டியே சொல்கிற தோரணையில் பேசி, "விடும்" என்று முடிகிறது. இதைப் பற்றி எழுதுகிறவர் "இடிக்கப்போகிறார்கள்" என்றும் எழுத முடியாது, "இடித்தார்கள் என்று பாடல் சொல்கிறது" என்றும் எழுத முடியாது. "போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர்; அந்த இடிப்பை இப்பாடல் தீர்க்கதரிசனமாக முன்வைக்கிறது" என்று இரண்டையும் பிரித்து வையுங்கள். பாடல் முந்தியதா பிந்தியதா என்ற விவாதத்துக்குள் போகாமலேயே சரியாக எழுதிவிடலாம்.

சொற்கள்: முதலில் பேசுவது யார்

ஒரு கதை "நான்" என்று தொடங்கினால் அந்த "நான்" ஆசிரியர் அல்ல, கதைசொல்லி. கவிதையில் தலைவி பேசினால் அது தலைவி கூற்று, கபிலர் கூற்று அல்ல. நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். குறுந்தொகைப் பாட்டுகளுக்குக் கீழே அது தலைவி கூறியதா, தோழி கூறியதா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ("கூறியது", "கூற்று" என்று பெயராகவே முடித்துவிட்டால் காலச் சிக்கலும் வராது. உரைகாரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல உபாயம்.)

சின்ன ஊரில் இது வெறும் கலைச்சொல் விவகாரம் அல்ல. "நான்" குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிற ஒரு கதை. நயவுரைக்காரர் மேடையில் "ஆசிரியர் மனைவியை அடிக்கிறார்" என்று வாசித்தால், மண்டபம் முழுவதும் முன்வரிசையில் இருக்கிற ஆசிரியரின் மனைவியைத் திரும்பிப் பார்க்கும்.

மரியாதையும் இங்கேதான் வருகிறது. மேடைக்குக் கீழே அவர் "சேர்", "ரீச்சர்", "அண்ணா". கட்டுரையில் முதல் தடவை முழுப்பெயர், பிறகு "ஆசிரியர்", "கவிஞர்", "அவர்". பாத்திரத்துக்கு நூல் என்ன விகுதி கொடுக்கிறதோ அதே விகுதி. கிழக்கில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திப் பொங்கல் நடக்கிற ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்ணகியை "உடைக்கிறாள்" என்று எழுதக் கை கூசும். கூச வேண்டியதில்லை, அம்மனையும் நாம் "அவள்" என்றுதான் அழைக்கிறோம்.

நூலின் பகுதிகளுக்கு உரிய பெயரைப் பாவியுங்கள். சிலப்பதிகாரத்தில் காண்டம், காதை. கம்பராமாயணத்தில் காண்டம், படலம். குறளில் அதிகாரம். தேவாரத்தில் பதிகம். நாவலில் அத்தியாயம். எல்லாவற்றையும் "பகுதி" என்று எழுதினால் குற்றமில்லை, ஆனால் புத்தகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைப்பார்கள்.

உவமை, உருவகம், படிமம், குறியீடு என்ற நான்கையும் கலந்து வீச வேண்டாம். போல என்ற ஒப்பீடு வெளிப்படையாக இருந்தால் உவமை. ஒன்றையே மற்றொன்றாக்கிவிட்டால் உருவகம். ஒரு காட்சி கண்முன் வந்து நின்றால் படிமம். ஒரு பொருள் கதை முழுவதும் திரும்பத் திரும்ப வந்து தன்னைவிடப் பெரிதாக ஒன்றைத் தாங்கினால்தான் குறியீடு. 'கடைசிப் பாதை'யில் பாதை ஒருதடவை மட்டும் வந்துபோனால் அது வெறும் வாகனம்.

சொல்கிறாரா, வாதிடுகிறாரா

"கூறுகிறார்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. மாற்றுவதற்காக மாற்ற வேண்டாம்; ஆசிரியர் அங்கே உண்மையில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். காரணம் அடுக்கினால் வாதிடுகிறார். பெயர் சொல்லாமல் ஒன்றைக் காட்டினால் சுட்டுகிறார். கேலி செய்தால் எள்ளுகிறார். ஒன்றைச் சொல்லாமலே கடந்துபோனால் தவிர்க்கிறார். "பாடுகிறார்" செய்யுளுக்கு, சிறுகதைக்கு அது பொருந்தாது. பழைய ஆசிரியர்கள் "கம்பர் கூறுவார்" என்று எழுதுவார்கள். அழகான நடை. ஆனால் ஒரு பந்தியில் "கூறுவார்", அடுத்ததில் "கூறுகிறார்", அதற்கடுத்ததில் "கூறுகின்றார்" என்று அலையக் கூடாது. ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதுதான்.

மேடை அடைமொழிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலத்தால் அழியாத, நெஞ்சை அள்ளும், யதார்த்தமான, மண்வாசனை கமழும். கடைசிச் சொல்லை எங்கள் பக்கத்து எழுத்தாளர் எல்லோர் மேலும் தெளித்துவிட்டார்கள். மண்வாசனை என்று எழுதத் தோன்றினால், அந்த வாசனை எந்தச் சொல்லிலிருந்து வருகிறது என்று தேடி அந்தச் சொல்லை எழுதுங்கள். கரைவலை, வாடி, சம்மாட்டி என்று கதையில் வந்தால் அவற்றை மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுங்கள். வெளியூர் வாசகருக்காக ஒருதடவை விளக்கம் போதும்: வாடி என்பது கடற்கரையில் மீனவர் தங்கும் குடில், சம்மாட்டி என்பவர் வலைக்குச் சொந்தக்காரர். "கதைச்சவன்" என்று பாத்திரம் பேசினால் அதைப் "பேசினான்" என்று மாற்றாதீர்கள்.

போரைப் பற்றிய நூல் என்றால்

இந்த ஊரில் எழுதப்படுகிற கதைகளில் பலவும் போரையோ, 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடலையோ தொட்டுத்தான் போகும். இங்கே சொல்லைக் கவனமாக எடுக்க வேண்டும்.

இடம்பெயர்வு வேறு, புலம்பெயர்வு வேறு. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நாட்டைவிட்டுக் கனடாவுக்குப் போனவர் புலம்பெயர்ந்தவர். "காணாமல் போனவர்" என்பதும் "காணாமலாக்கப்பட்டவர்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது தானாக நடந்தது போல இருக்கும், இரண்டாவது செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லும். படு என்று முடிகிற வினையை வெட்டச் சொன்னேன். இங்கே அதுதான் உண்மையைச் சொல்கிறது, வெட்டாதீர்கள்.

பாத்திரத்தின் சொல்லுக்கும் உங்கள் சொல்லுக்கும் நடுவில் வேலி இருக்கட்டும். ஒரு கதையில் கிழவி "பிரச்சின நேரம்" என்றே கடைசிவரை சொல்கிறாள் என்று வையுங்கள். நீங்கள் சுருக்கம் எழுதும்போது அதைப் "போர்க்காலம்" ஆக்கிவிட்டால், அவள் அந்தச் சொல்லை வாயில் எடுக்காமலே விட்டது காணாமல் போகும். "கிழவி அதைப் 'பிரச்சின நேரம்' என்றே சொல்கிறாள், போர் என்ற சொல் அவள் பேச்சில் ஒருமுறையும் வரவில்லை" என்று எழுதினால் அதுவே ஒரு வாசிப்பு. ராசனின் தந்தை விசயத்திலும் அப்படித்தான். "வரவில்லை" என்று மட்டும் கதை சொன்னால், "கொல்லப்பட்டார்" என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு இறந்தகாலம், கதைக்கு நிகழ்காலம் என்ற முறை இங்கேயும் அதேதான். "2004இல் கடல் கரையை மூடியது. கதையில் தாய் ஒவ்வொரு வெள்ளியும் கடற்கரைக்கு வருகிறாள்."

கொடுக்க முன்

எழுதி முடித்ததும் ஒருநாள் ஆறவிட்டு எடுங்கள். முதல் வாசிப்பில் முற்றுகளை வட்டமிட்டு, ஒவ்வொன்றும் உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். இரண்டாவது வாசிப்பில் உள்ளார், உள்ளது, பட்டுள்ளது ஆகிய மூன்றையும் மட்டும் தேடுங்கள். மூன்றாவது தடவை வாய்விட்டு வாசியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை இரண்டாக்குங்கள். மேற்கோள்களைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பக்க எண்ணை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்புரையில் ஆசிரியர் "நான் அப்படி எழுதவில்லையே" என்றால் பக்கத்தைச் சொல்லலாம்.

பத்து நிமிட நயவுரைக்குக் கையெழுத்தில் நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வேர்த்துக் கொட்டுகிற மண்டபத்தில் எல்லோரும் சிற்றுண்டியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். நேரம் குறைந்துவிட்டது என்று தலைவர் துண்டு அனுப்பினால் விட்டுவிடக்கூடியது கதைச்சுருக்கம். அந்தப் பந்தியை முன்கூட்டியே பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள்.